கலர் குஞ்சும் சத்துணவு முட்டையும்

தர்மபுரி பக்கம் திருவிழாக் கடைகள்லயும் வாரச் சந்தைகள்லயும் அட்டைப்பெட்டி நிறைய பச்சை, ரோஸ், ஊதான்னு சாயம் போட்ட கோழிக்குஞ்சுகள் விற்கிறதைப் பார்த்திருப்பீங்க. குழந்தை அழுது வாங்கிட்டுப் போகும். குருணை போடும், தண்ணி வைக்கும். நாலஞ்சு நாள்ல பெரும்பாலும் குஞ்சு செத்துப்போயிரும். அந்தப் பெட்டியில இருக்கிறது பெரும்பாலும் சேவல் குஞ்சுதான். பெட்டைக் குஞ்சு அங்கே வராது. ஏன்? இந்த எபிசோடு அதைப் பத்தினது.

முதல்ல ஒரு விஷயம். நம்ம கிராமத்து வீடுகள்ல சேவல் ஒருபோதும் வேண்டாத பிறவியா இருந்ததில்லை. நாட்டுக்கோழியை அடை வைப்பாங்க, 21 நாள்ல குஞ்சு பொரிக்கும், பாதி சேவல், பாதி பெட்டை. பெட்டை முட்டைக்கும் அடுத்த அடைக்கும் வீட்டுலயே நிக்கும். சேவல்தான் காசு. முனியப்பனுக்கு நேர்ந்து விடுறதுக்குச் சேவல், மாப்பிள்ளை வந்தா சேவல், அவசரத்துக்குச் சந்தையில வித்தாலும் பெட்டையைவிட நல்ல விலை. கடைசியில அதுவும் வெட்டுப்படத்தான் போகுது, அதை மறைக்க வேண்டாம். ஆனா வளர்ந்து, கூவி, ஒரு விலை வந்த பிறகு.

அந்த விலை எப்போ பூஜ்யமாச்சு? கோழி ரெண்டு ஜாதியா பிரிஞ்ச அன்னைக்கு.

இன்னைக்கு முட்டைன்னா நாமக்கல். தர்மபுரியும் நாமக்கல்லும் ஒரு காலத்துல ஒரே சேலம் மாவட்டம். 1965-ல தர்மபுரி பிரிஞ்சது, 1997-ல நாமக்கல் பிரிஞ்சது. மழை குறைஞ்ச இந்த நிலத்துல, விவசாயிக்குக் கோழிப்பண்ணை ஒரு பெரிய பிடிமானம். 1971-ல பி.வி.ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸை ஆரம்பிச்சார். அவங்க கொண்டுவந்த பிவி-300 மாதிரியான வெள்ளை லெக்ஹார்ன் லேயர் கோழிகள் ஒரு முட்டைக்காலத்துல 300 முட்டைக்கு மேல போடும். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 போட்டாலே பெருசு.

கறிக்குன்னு தனியா பிராய்லர் வந்தது. அது ஆறு வாரத்துல 2 கிலோ வரும். அதுல சேவல், பெட்டை ரெண்டையும் வளர்த்துக் கறிக்கு விப்பாங்க, பிரச்சினை இல்லை. பிரச்சினை லேயரோட தம்பிக்குத்தான். அவன் முட்டை போட மாட்டான். மூணு மாசம் தீனி போட்டாலும் ஒரு கிலோவைத் தாண்டவே திணறுவான். பண்ணையில பெரிய செலவே தீனிதான். அவனை வளர்க்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

சரி, ஒரு நாள் குஞ்சைப் பார்த்து சேவலா பெட்டையான்னு எப்படித் தெரியும்? நூறு வருஷத்துக்கு முன்னாடி தெரியாது. சில வாரம் வளர்ந்து கொண்டை சிவக்கணும். அதுக்குள்ள பாதி தூரம் வளர்ந்துட்டதால, மீதியையும் வளர்த்துச் சாப்பிட்டாங்க. 1920-கள்ல ஜப்பான்ல மசூய், ஹாஷிமோட்டோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் குஞ்சோட பின்புறத் துவாரத்தை விரலால லேசா விரிச்சு, உள்ளே இருக்கிற சின்ன மேட்டைப் பார்த்தே பிரிக்கிற முறையைக் கண்டுபிடிச்சாங்க. 1927-ல கனடாவின் ஒட்டாவாவுல நடந்த உலகக் கோழியின மாநாட்டுக்கு அது போச்சு. அப்புறம் உலகம் பூரா ஹேச்சரிகள்ல அந்த வேலைக்கு ஜப்பானியர்களுக்கு கிராக்கி. இப்போ பல ரகங்கள்ல இறக்கையில இறகு முளைச்சிருக்கிற விதத்தைப் பார்த்தே நொடியில பிரிச்சிடுறாங்க.

எனக்கு இதுதான் இந்தக் கதையில முக்கியமாப் படுது. சேவல் குஞ்சைப் பிறந்த அன்னைக்கே கொல்றது பரம்பரை வழக்கம் இல்லை. பிறந்த அன்னைக்கே பிரிக்கத் தெரிஞ்ச பிறகு வந்த வழக்கம். உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 700 கோடிக் குஞ்சுகள் இப்படிப் போகுதுன்னு மதிப்பிடுறாங்க. இந்தியாவில தண்ணியில மூழ்கடிக்கிறது, மூட்டையில திணிச்சு மூச்சு முட்ட விடுறது, அரைக்கிறது எல்லாம் நடக்குதுன்னு விலங்குநல அமைப்புகள் பதிவு செஞ்சிருக்கு. மிச்சம்தான் சாயம் பூசிச் சந்தைக்கு வருது. முதல் வாரத்துல குஞ்சுக்கு 33, 34 டிகிரி சூடு வேணும். பல்பு இல்லாம, தாய்க்கோழி இல்லாம ராத்திரிக் குளிர்ல விட்டா செத்துப்போகும். குழந்தை சரியாப் பார்த்துக்கலைன்னு திட்டாதீங்க.

சட்டம் இருக்கா? இருக்கு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960. அதுக்காக மாநிலங்களவையில குரல் எழுப்பினவங்க கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். ஆனா வதைக்கு அதோட 11-ஆவது பிரிவு வெச்ச முதல் தடவை அபராதம் 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரைக்கும்! இன்னைக்கு அது அரை அட்டை முட்டை விலைகூட இல்லை.

ஜெர்மனியில 2019-ல லைப்சிக் நகரத்துல இருக்கிற உச்ச நிர்வாக நீதிமன்றம், காசு மட்டும் கொல்றதுக்குப் போதுமான காரணம் ஆகாதுன்னு சொல்லிச்சு. ஆனா மாற்று வழி தயாராகிற வரைக்கும் விட்டு வெச்சது. 2022 ஜனவரி 1-லிருந்து தடை. முட்டைக்குள்ளேயே பாலினம் பார்த்து, சேவல் முட்டையைப் பொரிக்காம எடுத்துடுறாங்க. அடுத்த வருஷம் பிரான்ஸ். ஜெர்மனியில சில ஹேச்சரிகள் மூடி, குஞ்சுகளைப் பக்கத்து நாடுகள்ல வாங்குறாங்கன்னும் செய்தி வந்தது. அதையும் சொல்லணும்.

நமக்கு இதுல சிக்கலான இடம் சத்துணவு. 1989-ல கலைஞர் ஆட்சியில ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு ஆரம்பிச்சது, 2010-ல வாரம் அஞ்சு ஆச்சு. பென்னாகரம், அரூர் மலைக் கிராமங்கள்ல இருந்து வர்ற குழந்தைக்கு அந்த முட்டை எவ்வளவு பெரிய விஷயம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டை விலை ஏறும்னா நானும் யோசிப்பேன்.

அதனால கணக்கா பார்ப்போம். ஒரு பெட்டைக்கு ஒரு சேவல் குஞ்சு பிறக்குது. அதைக் கொல்லாம இருக்க, பேச்சுக்கு, 30 ரூபாய் கூடுதல் செலவுன்னு வெச்சுக்குவோம். அந்தப் பெட்டை போடுற 300 முட்டையில அதைப் பிரிச்சா, முட்டைக்கு 10 பைசா. ஒரு குழந்தை பள்ளி வருஷத்துல 200 முட்டை சாப்பிட்டா 20 ரூபாய். அரசாங்கத்தால முடியாத தொகை இல்லை. ஆனா தினமும் அறிவிக்கிற விலையை நம்பி, சில பைசா லாபத்துல ஓடுற பண்ணைக்காரர் தலையில அந்த 10 பைசாவைக் கட்டினா நிக்காது. வாங்குறவங்கதான் கொடுக்கணும். மொத்தமா வாங்குற பெரிய கை தமிழ்நாடு அரசு, டெண்டர் விடுறதும் அவங்கதான்.

சந்தையில யாராவது கலர் குஞ்சு வாங்கியிருந்தா, ஒரு பெட்டியில 60 வாட்ஸ் குண்டு பல்பு போட்டு வைங்க. அடுத்த வாரம் பேசுவோம்.