சேர்ந்து பாடும் பிள்ளைகளும் செல்லோவும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் மாதம் இரண்டு காரியங்களுக்கு உரியது. பெரியாற்று அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வழக்கம் அம்மாதத்தில். பள்ளிக்கூடங்கள் திறப்பதும் அம்மாதத்தில். நாற்று முற்றி நடவு தொடங்கியதும் வயலில் ஒருத்தி பாட்டெடுப்பாள். வரிசையாகக் குனிந்து நிற்கும் மற்றப் பெண்கள் அதனை வாங்கிப் பாடுவார்கள். இடையிடையே குலவை எழும். அப்பாட்டு இன்று அருகிவிட்டதாயினும் என் தலைமுறையினர் அதைக் காதாரக் கேட்டவர்கள். அதே காலை வேளையில், வாய்க்காலுக்கு இப்பால் உள்ள பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் நடக்கும். அங்கே நால்வரோ ஐவரோ முன்னே நின்று பாடுவார்கள். ஏனைய நானூறு பேரும் வாய்மூடி நிற்பார்கள். வயலில் தாய் பாடுகிறாள். பள்ளியில் அவள் பிள்ளை பாடவில்லை. இந்த வேறுபாடு எப்படி நேர்ந்தது, புதிதாகப் பாடத் தொடங்கும் பிள்ளைகளுக்கு எத்தகைய பாட்டைத் தேர்ந்து கொடுத்தால் அது நீங்கும் என்பதே இப்பேச்சின் பொருள். செல்லோ என்னும் மேனாட்டு வில் வாத்தியத்துக்கு இதில் என்ன வேலை என்பது போகப் போக விளங்கும்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொல்லுவார்கள். எண்சுவடியும் ஆத்திசூடியும் இவ்வாறே ஏறின. அது இசை அன்று எனலாம். ஆயினும் கூட்டமாக ஒரே மூச்சில் ஒலிக்கும் பழக்கம் அதில் இருந்தது. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் நம் பகுதியிலும் பள்ளிகளை நிறுவியபோது, பாட்டு பள்ளிக்கூடத்துக்குள் முறையாக நுழைந்தது. அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்கள் முதலியவற்றைத் திரட்டி 1853இல் தமிழ்க் கீர்த்தனை நூல் ஒன்றை அச்சிட்டார். அந்நாள் முதல் திருச்சபைகளில் இரு வழிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மேனாட்டு மெட்டில் அமைந்து நான்கு குரல்களாகப் பிரிந்து ஒலிக்கத்தக்கது பாமாலை. நம் இராகத்தில் அமைந்து ஒரே குரலாக ஒலிப்பது கீர்த்தனை. ஊர்ச் சபையில் பாமாலையைப் பாடுவோர் தயங்கித் தயங்கிப் பாடுவதையும், கீர்த்தனை வந்தவுடன் கூரை அதிர்வதையும் கேட்டவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்விரு வழிகளையும் ஆழ்ந்து எண்ணியவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் பிறந்த அவர் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். இசைநூல் உலகில் 1917ஆம் ஆண்டின் 'கருணாமிர்த சாகரம்' வாயிலாக அவரை அறிவோர் பலர். அவர் முதலில் பள்ளி உபாத்தியாயர் என்பதை நினைப்போர் சிலரே. எங்கள் தொழிலுக்கு அது பெருமை என்பதால் சொல்லிவைத்தேன்.

பின்னர் வந்தது ஆர்மோனியப் பெட்டி. மிஷன் வீட்டிலிருந்தும் நாடகக் கொட்டகையிலிருந்தும் அது பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தது. விலை மலிவு, தூக்கிச் செல்லலாம், ஒரு வாரத்தில் நான்கு பாட்டுக்குக் கை பழகிவிடும். ஆனால் அதன் சுரங்கள் வார்த்து வைத்தவை; ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதற்கு வழியில்லை. இக்காரணத்தாலேயே அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. தடை கடுமையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் அப்பெட்டி செய்த கேடு வேறு. ஆசிரியர் பாட்டின் ஒவ்வொரு சுரத்தையும் அதிலே அழுத்துவார். பிள்ளைகள் அதற்கு மேல் கத்துவார்கள். எல்லாரும் மெட்டின் பின்னால் ஓட, மெட்டுக்கு அடியில் அசையாமல் நிற்க வேண்டிய ஆதார சட்சம் எவர் காதிலும் விழாமற் போயிற்று. நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவனை நீக்கிவிட்டு, இரண்டாவது நாகசுரக்காரனையும் அதே கீர்த்தனையை ஊதச் சொன்னால் எப்படியோ, அப்படி. சுருதி தெரியாத பிள்ளை விலகிப் பாடியது. விலகிப் பாடிய பிள்ளையை 'நீ பாடாதே' என்றார்கள். நானூறு பேர் வாய்மூடி நின்ற வரலாறு இதுவே.

இனிச் செல்லோவுக்கு வருவோம். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த இதனை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி, நாற்காலியில் அமர்ந்து வில்லால் இழுப்பார்கள். நான்கு தந்திகள். நம் வழக்கில் சொன்னால், கீழிருந்து 1 கட்டை, 5 கட்டை, 2 கட்டை, 6 கட்டை ஆகிய சுரங்கள் அவற்றில் நிற்கின்றன. அடுத்தடுத்த இரு தந்திகளுக்கு இடையே உள்ள தொலைவு சட்சமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தொலைவேயாகும். ஆகவே விரலே வைக்காமல், இரண்டாம் தந்தியையும் மூன்றாம் தந்தியையும் சேர்த்து இழுத்தால் 5 கட்டைச் சுருதியில் ச–ப ஒலிக்கும். சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற சுருதிகளுள் அது ஒன்று. மேலும் அந்த ஒலி பிள்ளைகளின் சட்சமத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, வளர்ந்த ஆணின் குரலைப் போல் எழுகிறது. மெட்டு மேலே, நிலம் கீழே. ஒன்றை ஒன்று மறைப்பதில்லை. தம்புராவும் இப்பணியைச் செய்யும் என்பீர்கள். உண்மைதான், ஆயினும் மீட்டிய தந்தியின் ஒலி உடனே தேயத் தொடங்கும். வில்லின் ஒலி தேயாது நிற்கும். பிள்ளைகள் மூச்சு வாங்கும் இடத்தில் வில்லும் மூச்சு வாங்கும். முன்னே அமர்ந்திருப்பவரின் கை திரும்புவதைப் பார்த்தே நாற்பது பேரும் ஒன்றாக அடுத்த அடியைத் தொடங்கலாம்.

மேனாட்டிலும் இவ்வாத்தியம் பள்ளிப்பிள்ளைகளோடு பழையது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை பாக் என்னும் பெரும் இசைவாணர் புனித தோமா பள்ளியின் இசையாசிரியராக இருந்தார். தேவாலயத்தில் பாடியவர்கள் அவருடைய மாணவர்களே. 1724இல் அவர் இயற்றிய ஒரு திருப்பாட்டில் மேற்குரல் இரண்டு மட்டும் ஒன்றையொன்று தொடர்ந்து ஓட, அடியில் செல்லோ நடைபோடும் பகுதி ஒன்று உண்டு. இன்றும் பள்ளிக் குழுக்கள் அதனை விரும்பிப் பாடுகின்றன. எனினும் அது தொடக்கக்காரர்க்கு உரியதன்று. தொடக்கத்துக்கு வழிகாட்டியவர் ஹங்கேரி நாட்டுக் கொடாய் (1882–1967). தாமே செல்லோ வாசிக்கக் கற்றவர். 1915இல் தனிச் செல்லோவுக்கென்று ஓர் அரிய உருப்படியும் செய்தவர். அவரும் பார்த்தோக் என்பவரும் கிராமம் கிராமமாகச் சென்று நாட்டுப் பாடல்களைச் சேகரித்தனர். பிள்ளையின் முதற்பாட்டு அதன் தாய்மொழி நாட்டுப் பாட்டாக இருக்கவேண்டும், அதுவும் ஐந்து சுரங்களில் அமைந்ததாக இருத்தல் நலம் என்பது கொடாயின் கொள்கை.

அந்த ஐந்து சுரம் நமக்குப் புதிதா? ச ரி க ப த என்னும் மோகனத்தில் அரைச்சுர நெருக்கம் எங்கும் இல்லை. ஆகையால் ஒரு பிள்ளை சற்று முந்தினாலும் பிந்தினாலும் காது கூசும் உரசல் எழாது. பாதிப் பேர் தொடங்கி ஓரடி சென்றபின் மறுபாதியினர் அதே பாட்டைத் தொடங்கினாலும் பெரும்பாலும் இனிமையே விளையும். இரு குரல் பாட்டுக்கு இதைவிட எளிய வாயில் இல்லை. மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்தை எம். எஸ். விசுவநாதன் மோகனத்தில், மூன்றன் நடையில் அமைத்தார். 1970 முதல் அரசு விழாக்களில் ஒலிக்கும் அதனை 2021இல் மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைத்தட்டை ஒலிக்க விடாது வாய்விட்டுப் பாடவேண்டும், பாடும் நேரம் 55 விநாடி என்றும் அரசு வகுத்தது. ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சேர்ந்திசைப் பாட்டு ஏற்கெனவே தேர்ந்தாயிற்று. அதன் அடியில் நிற்கும் சட்சமத்தைத்தான் நாம் இன்னும் வைக்கவில்லை.

அடுத்து நான் தேர்வது முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள். ஆங்கிலேயர் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் தெய்வப் பாடல்களாக ஏறத்தாழ 40 உருப்படிகளைச் சங்கராபரண சுரங்களில் அவர் செய்தார். மதுரை மீனாட்சியைப் பாடும் 'சியாமளே மீனாட்சி' அவற்றுள் ஒன்று. ஆங்கிலக் குழந்தைகளின் விண்மீன் பாட்டு மெட்டே அதன் மெட்டு. சட்சமம் முதல் தைவதம் வரை ஆறு சுரங்களுக்குள் அடங்கும், கமகம் இல்லை, கீழே செல்லோவுக்கு ச, ம, ப என்னும் மூன்றே சுரங்கள் போதும். சாகித்தியம் பிள்ளைகளுக்கு விளங்காதே என்றால், ஆசிரியரே நாலு வரி தமிழில் கட்டிக்கொள்ளலாம். தீட்சிதர் பிறர் மெட்டுக்குச் செய்ததைத்தானே நாமும் செய்கிறோம்!

விலக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தோடி, பைரவி போன்றவற்றை எவ்வளவு அழகாயினும் தொடக்கத்தில் தொடக்கூடாது. நாற்பது தொண்டைகள் நாற்பது அளவில் காந்தாரத்தை அசைத்தால் அங்கே காந்தாரமே இராது. திரைப்பாட்டிலும், தனிக்குரலின் நுணுக்கத்தை நம்பியவை வேண்டா.

திரைப்பாட்டு என்றதும் நம் பள்ளத்தாக்கில் ஒரு பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராசனோடும் உடன்பிறந்தாரோடும் ஊர் ஊராக மேடையில் பாடி வளர்ந்தவர். 1968இல் சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றார். அவர் 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையானது. அவர் பாடல்களில் குரலின் அடியில் செல்லோ எழுந்து படர்வதைக் கேட்காத தேனிப் பிள்ளை இல்லை. பெயர் மட்டும் தெரியாது. சென்னையில் வி. எஸ். நரசிம்மன் 1993இல் அமைத்த நால்வர் தந்திக் குழுவில் வி. ஆர். சேகர் செல்லோவிலே கருநாடக உருப்படிகளை இசைத்துக் காட்டியிருக்கிறார். கமகம் செல்லோவுக்கு வராது என்போர்க்கு அது விடை.

நான் பணியிலிருந்த காலத்தில், சென்னையில் செல்லோ பயின்ற பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் நாற்பத்திருவரை, குரல் பார்த்துப் பொறுக்காமல், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே நிறுத்தினோம். முதல் மூன்று நாளும் பாட்டே இல்லை. செல்லோவின் ச–பவோடு வாய்மூடி முனகுவது மட்டுமே. நான்காம் நாள் எங்கள் ஊர் நடவுப் பாட்டு மெட்டொன்றை, ஒருவர் எடுக்க மற்றவர் வாங்கும் முறையிலேயே தொடங்கினோம். அப்பிள்ளைகளுள் ஒருவன், கீழ்வகுப்பில் 'குரல் சரியில்லை' என்று ஒதுக்கப்பட்டவன். அவன் செல்லோவுக்கு அருகில் போய், மரத்தின் அதிர்வு தன் மேல் படும்படி நின்றுகொண்டான். இரண்டாம் வாரத்தில் சுருதி அவனுக்கு வந்துவிட்டது. அவன் காதில் குறையே இருந்ததில்லை. பற்றிக்கொள்ள ஒரு நிலையான ஒலி இருந்ததில்லை, அவ்வளவே. அவன் தாய் வேலி ஓரம் நின்று கேட்டு, 'இது எங்க பாட்டுல்ல சார்?' என்றாள்.

நம் நாட்டில் இவ்வழியைப் பெரிதாக நடத்திக் காட்டியவர் எம். பி. சீனிவாசன் (1925–1988). மெட்ராஸ் யூத் கொயர் என்னும் குழுவை அமைத்துப் பாரதி பாடல்களைப் பல குரல்களில் பாடுவித்தார். 1980களில் நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ந்து பாடவைக்கும் திட்டத்திலும் உழைத்தார். இசைப் பயிற்சியற்ற இளைஞரையும் அவர் சேர்த்துக்கொண்டார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

செல்லோவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். விலை உயர்ந்த வாத்தியம்தான். பெரும்பாலான பள்ளிகளுக்கு எட்டாது. ஊரில் வயலின் கற்றவர் இருந்தால், அவரைக் கீழ்த் தந்திகள் இரண்டில் ச–ப மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையேல் சுருதிப்பெட்டி. ஆர்மோனியந்தான் உண்டு என்றால் அதிலேயே இரண்டு கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெட்டைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். குரல் உடையும் வயதிலுள்ள எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களை வெளியே அனுப்ப வேண்டாம். அவர்களுக்கு மெட்டு எட்டாது. கீழ்ச் சட்சமம் எட்டும். அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தி அந்த ஒரு சுரத்தைக் கொடுத்துவிட்டால், வாங்க இயலாத வாத்தியத்தின் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.