ஏரியா, எரியா?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. வழியெங்கும் ஊர்ப் பெயர்ப் பலகைகள், கடைப் பெயர்கள், சுவரொட்டிகள். ஓடும் வண்டியிலிருந்தே சிலவற்றை ஒரு நொடியில் படித்துவிடுகிறீர்கள். வேறு சிலவற்றைப் படித்து முடிப்பதற்குள் வண்டி தாண்டிவிடுகிறது. இரண்டும் தமிழ்தான், இரண்டையும் படிப்பது அதே கண்தான். பின் ஏன் இந்த வேறுபாடு?

எழுத்து என்ன சொல்கிறது என்பது ஒன்று. அது நம் கண்முன் எப்படி நிற்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதை நம் முன்னோர் சிறிது சிறிதாகவே கற்றனர். அந்தக் கதையை இந்தப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.

கல்லில் எழுத்து

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவ்வூரில் நடந்த கல்லூரி ஒன்றைப் பற்றி அது கூறுகிறது. இளநிலை மாணவர் 270 பேர், முதுநிலை மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர்! ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 340 மாணவர் படித்த கல்லூரி என்றால் வியப்பாக இல்லையா?

ஆனால் நேரில் சென்று இச்செய்தியைப் படிக்க முயன்றால் திகைத்துப்போவீர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இராது. தலைப்பும் பத்தியும் இரா. எழுத்துகள் ஒரே தொடராகச் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தானம் காலமெல்லாம் அழியாமல் நிலைக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். விரைவாகப் படிப்பதற்காக அவை வெட்டப்படவில்லை.

ஓலையில் எழுத்து

ஓலைச் சுவடியில் வேறொரு தொல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே கூறுகிறது. எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் என்றும் அது சொல்கிறது. ஆனால் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடக்கூடும். ஆகவே, சுவடி எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர்.

இதனால் என்ன ஆயிற்று? 'எரி', 'ஏரி' ஆகிய இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. 'கொல' என்று எழுதியிருந்தால் அது கொல்லா, கோலா, கொலவா, கோலவா? இடத்தை நோக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். போதாக்குறைக்கு, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. 'தர' என்பதைத் 'தா' என்றும் படிக்கலாம்! 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், ஒரு சொல்லின் சரியான வடிவத்தை அறிய ஏடு ஏடாக ஒப்பிட்டு உழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குழப்பத்தைப் போக்க முயன்றவர்களுள் ஒருவர் வீரமாமுனிவர் (1680–1747). ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் தந்தவர் அவர் என்பர். ஒரு சிறு கோடு, ஒரு சிறு சுழி, அவ்வளவுதான். ஏரி ஏரியாயிற்று, எரி எரியாயிற்று.

அச்சில் எழுத்து

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் இந்நாட்டில் அச்சேறியது அதுவே முதல் முறை.

பின்னர்த் தரங்கம்பாடியில் ஒரு சுவையான சிக்கல் எழுந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713இல் அங்கு வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் எப்படிப் போதும்? எனவே சீகன்பால்குவின் குழுவினர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். எழுத்து சிறுத்தது, காகிதம் மிச்சமாயிற்று.

அப்படியானால் எழுத்து எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? அதற்கு எல்லை வகுப்பது கண்தான். மலிவான தாளில் மை சற்றே பரவும். அப்போது 'கீ'யின் சுழி அடைபட்டுக் 'கி'போல் ஆகிவிடும். மெய்யின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓலையில் நேர்ந்த குழப்பமே அச்சிலும் திரும்பி வந்துவிடும்!

எழுத்தின் வடிவமும் மாறியது. பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978இல் தமிழக அரசு அவற்றுள் 13 எழுத்துகளின் புது வடிவை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை இன்றைய உருவைப் பெற்றது இவ்வாறுதான். மாணவர் மனத்தில் கொள்ள வேண்டிய தனி வடிவங்களும் குறைந்தன. அச்சுக்கோப்பவர் கையாள வேண்டிய தனி அச்சுகளும் குறைந்தன.

இன்று உங்கள் கையில்

இன்று ஈய எழுத்து இல்லை. கணினியோ கைபேசியோ இருந்தால் நீங்களே அச்சுக்கோப்பவர். ஆகவே, சில அடிப்படைகளை நினைவில் கொள்ளுங்கள்.

முதலாவது, அளவு. அதைப் புள்ளிக் கணக்கில் சொல்வர். ஓர் அங்குலத்திற்கு 72 புள்ளிகள். நூலைக் கையில் வைத்துப் படிப்போர்க்கு 10 முதல் 12 புள்ளி அளவு போதும். சுவரில் ஒட்டும் அறிவிப்புக்கு அது போதாது.

இரண்டாவது, வரி இடைவெளி. தமிழில் மேலே விலங்கும் புள்ளியும் ஏறும். கீழே 'கு', 'மூ' போன்றவற்றின் வளைவுகள் இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் தலையும் மோதிக்கொள்ளும்.

மூன்றாவது, வரியின் நீளம். வரி மிக நீண்டால், அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிக் கண் தடுமாறும். செய்தித்தாள்கள் பத்தி பத்தியாகப் பிரித்து அச்சிடுவதன் பயன் இதுவே.

நான்காவது, வேறுபாடு. தலைப்பு தடித்திருந்தால் கண் முதலில் அங்கே செல்லும். எல்லாமே தடித்திருந்தால் எதுவுமே தலைப்பு ஆகாது. வண்ணமும் அப்படித்தான். மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து தூரத்திலிருந்தே தெரியும். மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்து அருகில் சென்றாலும் தெரியாது.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். எண்ணாயிரம் கல்வெட்டின் செய்தியை உங்கள் பள்ளி அறிவிப்புப் பலகைக்கு ஒரே தாளில் எழுதுங்கள். எதைத் தலைப்பாக்குவீர்கள்? 270, 70, 14 ஆகிய எண்களை எங்கே வைப்பீர்கள்? எழுதியதைப் பலகையில் மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, செய்தி தெரியாத ஒரு நண்பரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்துங்கள்.

இது வெறும் அழகுக்கான வேலை அன்று. மருந்துப் புட்டியின் மேல் உள்ள அளவைப் படிக்கும் முதியவருக்கும், வெள்ள எச்சரிக்கையைப் படிக்கும் கிராமத்தாருக்கும் ஒரு புள்ளி, ஒரு சுழி, ஒரு சிறு இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணிப் பாருங்கள். எழுதுபவர் செலவிடும் ஐந்து நிமிடம், படிக்கும் ஐந்நூறு பேரின் தடுமாற்றத்தை நீக்கும்.