நம்பர் தப்பிய குண்டு

எங்கள் பேங்க் செக்யூரிட்டியின் பழைய துப்பாக்கியைத் தாண்டி எனக்கு அனுபவம் கிடையாது. ஆனாலும் இந்தக் கதை விடவில்லை.

1874 செப்டம்பர் 26, நியூயார்க் அருகே கிரீட்மூர். 800, 900, 1000 கெஜம். அயர்லாந்துக்காரர்களிடம் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் ரிக்பி. அமெரிக்கர்களிடம் பின்பக்கம் தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ். ஸ்கோப்பெல்லாம் இல்லை, ஏற்றி இறக்கும் வெர்னியர் அளவுகோல்தான். பின்பக்கத் துப்பாக்கி அவ்வளவு தூரத்துக்கு உதவுமா என்று பலருக்குச் சந்தேகம்.

அமெரிக்கா 934, அயர்லாந்து 931. ரிக்பி காலி என்றார்கள்.

ஆனால் மில்னர் என்ற ஐரிஷ்காரரின் ஒரு குண்டு நடுப்புள்ளியிலேயே பட்டது, பக்கத்துப் பலகையில்! (தொகை சரி, அக்கவுண்ட் நம்பர் தப்பு. நம்ம பிழைப்பு.) நடுப்புள்ளிக்கு 4 மார்க், கிடைத்தது பூஜ்யம். கூட்டிப் பாருங்கள், 935.