விளம்பரத்தில் நகைச்சுவை

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்றார். விளம்பரக் கலையும் இதற்குப் புறம்பானதன்று.

1946-இல் ஏர் இந்தியாவின் பாபி கூக்கா, ஓவியர் உமேஷ் ராவின் துணையுடன், தலைவணங்கும் மகாராஜாவைப் படைத்தார். பயணிக்கு மன்னனே பணிந்து நின்ற வேடிக்கை, நிறுவனத்தின் பெயரை மக்கள் மனத்தில் பதித்தது. 1966-இல் சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் அமுல் வெண்ணெய்க்கு ஒரு குறும்புச் சிறுமியை அளித்தனர். அவள் நாட்டு நடப்பை எள்ளினாள். எனினும் அவளது இளமை அவ்வெள்ளலின் கூர்மையைத் தணித்தது.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திற்கும் மும்பை மாநகருக்கும் பிழைக்கச் சென்ற தமிழ் மக்கள் நாம். பேச்சும் உடையும் பிறர் நகைப்புக்கு ஆளாவதன் வருத்தத்தை அறிவோம். ஆதலின், எளியோரை எள்ளும் விளம்பரத்தை நாம் பாராட்டலாகாது. பெரியோரைப் பணியவைத்து நகைக்கும் விளம்பரமே பாராட்டத் தக்கது.