ஒரு வீட்டுக்கு எவ்வளவு விறகு?

குளிர் நாடுகளில் மரத்தூளை அழுத்தி, குச்சி குச்சியாகச் செய்த பெல்லட்டை எரித்து வீட்டைச் சூடாக்குகிறார்கள். வருஷத்துக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்குப் போடுவது அங்கே சுலபம். பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே. ஒரு கிலோவில் சுமார் 4.8 யூனிட் வெப்பம். வீட்டுக்கு 15,000 யூனிட் தேவை, அடுப்பின் திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வகுத்தால் சுமார் 3.7 டன். முடிந்தது.

கருவேப்பிலங்குறிச்சியில் வீட்டைச் சூடாக்க யாரும் செலவு செய்ய வேண்டியதில்லை. சித்திரை வெயில் இலவசமாகவே செய்துவிடும் :-) ஆனால் சோறு வேக வேண்டும், குளிக்க வெந்நீர் வேண்டும். அந்த அடுப்புக்கு எவ்வளவு விறகு ஆகிறது? இந்தச் சின்னக் கேள்விக்குத் தப்பாகக் கணக்குப் போட்டுத்தான் ஒரு காலத்தில் உலகமே நம் வீட்டுப் பெண்கள் மேல் பழி போட்டது. அந்தக் கதைதான் இது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம்ம வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, எரிபொருள் மரக்கரி. மண்மூட்டம் போட்டு ஒரு கிலோ கரி எடுக்க நாலைந்து கிலோ மரமாவது போகும். பிறகு ரயில் வந்தது. சென்னை மாகாணத்து ரயில் எஞ்சின்கள் அப்போது விறகைத் தின்றுதான் ஓடின. அதற்காகவே கடற்கரை ஓரமாகச் சவுக்குத் தோப்புகள் போட்டார்கள். இந்த விறகெல்லாம் சுள்ளி இல்லை, வெட்டிய மரம். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

1975-இல் எரிக் எக்ஹோம் என்ற அமெரிக்கர், எல்லோரும் பெட்ரோல் பஞ்சம் என்று கத்திக்கொண்டிருந்தபோது, ஏழைகளின் நிஜமான பஞ்சம் விறகுப் பஞ்சம்தான் என்று எழுதினார். நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு பலர் போட்ட கணக்கு இப்படி: ஒரு ஆளுக்கு இவ்வளவு விறகு, பெருக்கல் மக்கள் தொகை. காடு வருஷத்துக்கு இவ்வளவுதான் வளரும். மிச்சமெல்லாம் காட்டை வெட்டி எடுத்தது! ஆக, காடு அழிய அடுப்புதான் காரணம்.

பெருக்கலில் தப்பில்லை. ஆனால் விறகு எங்கிருந்து வருகிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் அமுல்ய குமார் ரெட்டி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் ‘அஸ்த்ரா’ என்ற கிராமத் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கியவர். அவருடைய குழு தும்கூர் மாவட்டத்தில் பூரா என்ற ஊரில் 56 வீடு, 357 பேர், அத்தனை பேருடைய எரிபொருளையும் கணக்கெடுத்தது. வருஷத்துக்கு 217 டன் விறகு. ஆளுக்கு சுமார் 0.6 டன். இதில் கிட்டத்தட்ட எல்லாமே பொறுக்கியது. காசு கொடுத்து வாங்கியது 4 சதவீதம்தான். பொறுக்கியதும் பெரும்பாலும் சுள்ளி, மிளார். மரத்தை வெட்டிச் சாய்த்து யாரும் சோறாக்கவில்லை. ஒரு வீட்டுக்கு தினமும் சுமார் 10 கிலோ. அதற்காக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேலை, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நடை. யார் நடந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

விருத்தாசலம் பக்கம் வந்தாலும் இதே கதைதான். முந்திரி மிளார், சவுக்கு மிளார், வேலிகாத்தான் முள், இல்லாவிட்டால் வரட்டி. இதில் எது காட்டை அழித்தது?

சரி, பூரா கணக்கு நமக்குப் பொருந்துமா? போட்டுப் பார்த்தேன். ஐந்து பேர் வீட்டுக்கு வருஷத்துக்கு 3 டன், தினமும் 8 கிலோ. காய்ந்த விறகில் கிலோவுக்கு சுமார் 3,500 கலோரி (பெரிய கலோரி). மூன்று கல் அடுப்பில் 10 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும், ஆக 350. ஒரு கேஸ் சிலிண்டர் 14.2 கிலோ. கிலோவுக்கு 11,000 கலோரி, அடுப்புத் திறன் 60 சதவீதம். ஆக சுமார் 93,700. வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 268 கிலோ விறகு சமம். தினம் 8 கிலோ என்றால் 33 நாள். ஐந்து பேர் வீட்டில் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்! (பூரா கணக்கில் வெந்நீரும் சேர்த்தி, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.)

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது ஈரம். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அடுப்பு முதலில் அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கும், அப்புறம்தான் உலை. கிலோவுக்கு 3,500 கலோரி 2,000 ஆகிவிடும். ஐப்பசி அடைமழையில் அதே கட்டு விறகு ஏன் சீக்கிரம் தீர்கிறது என்பதற்கு இதுதான் பதில். நெய்வேலிக்காரர்களுக்கும் இதே தொல்லைதான். அங்கே தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியிலும் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை உலர்த்தி, அழுத்தி, கரியாக்கி ‘லெகோ’ என்று கட்டி கட்டியாக வீட்டு அடுப்புக்கு விற்றார்கள். புகை கிடையாது, எல்லாக் கட்டியிலும் ஒரே ஈரம். நம்ம ஊர் பெல்லட் என்றே சொல்லலாம். பிறகு அந்த ஆலையை மூடிவிட்டார்கள்.

அரசாங்கம் இன்னொரு பக்கம் அடுப்பை மாற்றப் பார்த்தது. 1980-களின் நடுவிலிருந்து 2002 வரை சுமார் மூன்றரை கோடி புகையில்லா அடுப்புகள். ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துப் பார்த்தால் திறன் இரண்டு மடங்கு. அந்த எண்ணை அடுப்பு எண்ணிக்கையால் பெருக்கி இவ்வளவு டன் மிச்சம் என்று எழுதிக்கொண்டார்கள். விரிசல் விட்ட அடுப்பும், அடைத்துக்கொண்ட புகைக்குழாயும், அவசரத்துக்கு நுழைத்த தடி விறகும் அந்தப் பெருக்கலில் வரவில்லை. 1975-இல் போட்ட அதே கணக்கு, இந்தத் தடவை பழிக்குப் பதில் பாராட்டு!

2016-இல் உஜ்வலா திட்டம் வந்து சிலிண்டர் எங்கும் பரவியது. இப்போதெல்லாம் கணக்கெடுப்பில் சமையலுக்கு முக்கியமாக எதை எரிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கேஸ் என்று பதில் வரும். அது உண்மைதான். வெந்நீர் போடக் கொல்லையில் வைத்திருக்கும் மூன்று கல் அடுப்பைப் பற்றி அந்தக் கேள்வியில் எதுவும் இல்லை.