ராஜ்தூத் 350: வீட்டுப் பராமரிப்பும் பழுதுநீக்கமும்

ராஜ்தூத் 350, ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் குழுமம் ஜப்பானின் யமஹா நிறுவனத்திடம் தொழில்நுட்பம் பெற்று 1983 முதல் 1989 வரை தயாரித்த இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்சைக்கிள். மூல வண்டியான ஆர்டி 350இன் பெயராலேயே பரவலாக அறியப்படுகிறது. தயாரிப்பு நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இது ஓடிக்கொண்டிருக்க முதன்மையான காரணம், உரிமையாளர்களே கற்றுக்கொண்ட பழுதுநீக்கக் கலையாகும். இவ்வண்டியின் பழுதுகளில் பெரும்பாலானவை காற்று, ஆயில், நெருப்புப்பொறி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று அளவு தவறுவதால் வருபவை. அம்மூன்றையும் வீட்டிலேயே அளந்து சரிசெய்யலாம்.

முன்வரலாறு

யமஹாவின் இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் மரபு 1950களில் தொடங்குகிறது. 1959இல் வந்த ஒய்டிஎஸ்-1 என்ற 250 சிசி வண்டியில் ஐந்து கியர்கள் இருந்தன. பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றும் வழக்கத்தை மாற்றி, தனித் தொட்டியிலிருந்து ஆயிலைப் பம்ப் மூலம் அனுப்பும் ஆட்டோலூப் முறையை யமஹா 1964இல் அறிமுகப்படுத்தியது. 1967இல் இம்மரபின் முதல் 350 சிசி வண்டியான ஒய்ஆர்-1 வந்தது. 1970இல் அவ்வரிசையின் இடத்தை ஆர்5 பிடித்தது. ஆர்5இன் கிராங்க் கேஸ் கிடைமட்டமாக இரண்டாகப் பிரிவது. மேல்பாதியில் சிலிண்டர்கள் நிற்க, கீழ்பாதியைக் கழற்றினால் கிராங்கும் கியர்களும் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். பழுதுபார்ப்பவருக்கு இதைவிட வசதியான அமைப்பு அக்காலத்தில் அரிது.

1973இல் ஆர்5இன் உள்ளிழுப்புத் துளைகளில் ரீட் வால்வு பொருத்தப்பட்டு ஆர்டி 350 உருவானது. கார்பரேட்டரிலிருந்து வரும் கலவையை உள்ளே விட்டு, திரும்பி வெளியேறாமல் தடுக்கும் மெல்லிய தகடுகளே ரீட் வால்வு. இதனால் குறைந்த வேகத்திலும் இழுவை கிடைத்தது. 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், 347 சிசி, ஆறு கியர், 7,500 சுழற்சியில் 39 குதிரைத்திறன், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் என்பவை அதன் முதன்மைக் கூறுகள். யமஹாவின் டிஇசட் 350 பந்தய வண்டியும் இதே குடும்பத்தில் பிறந்தது. 1975இல் ஆர்டி 350பி வந்தது. அடுத்த ஆண்டே ஆர்டி 400 அதன் இடத்தைப் பிடித்தது. 1980இல் நீரால் குளிர்விக்கப்படும் எல்சி வகை வந்தபோது, காற்றால் குளிரும் பழைய 350இன் கதை வெளிநாடுகளில் முடிந்திருந்தது.

இந்திய வடிவமும் வகைகளும்

போலந்தின் எஸ்எச்எல் வண்டியை அடிப்படையாகக் கொண்ட ராஜ்தூத் 175ஐ எஸ்கார்ட்ஸ் 1960கள் முதல் விற்றுவந்தது. கிராமத்துப் பால்காரர் வரை பரவிய அந்த எளிய வண்டியின் பெயரிலேயே, அதற்கு எவ்வகையிலும் தொடர்பற்ற ஆர்டி 350பி 1983இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஆறு கியர், ரீட் வால்வு, ஆட்டோலூப் ஆகியவற்றை இந்தியச் சாலைகளுக்குக் கொண்டுவந்தது இவ்வண்டியே. விலையைக் குறைக்க டிஸ்க் பிரேக் கைவிடப்பட்டு, இரு முன்னணி ஷூக்கள் கொண்ட 7 அங்குல டிரம் பொருத்தப்பட்டது. எரிபொருள் சிக்கனத்துக்காக இன்ஜினின் திறனும் குறைக்கப்பட்டது.

இந்திய ஆர்டி இரு வகைப்படும்.

ஹை டார்க்: எச்டி என்று சுருக்கமாக வழங்கும் முதல் வகை. 6,750 சுழற்சியில் 30.5 குதிரைத்திறன் தந்தது. ஜப்பானிய உதிரிகள் கூடுதலாக அமைந்த இவ்வகையே ஆர்டியின் இயல்பை முழுமையாகக் காட்டுவது.

லோ டார்க்: எல்டி எனப்படும் பிற்கால வகை. 6,500 சுழற்சியில் 27 குதிரைத்திறன். மைலேஜ் குறைவு என்ற புகாருக்கு விடையாக வந்தது. வேகத்தை இழந்த அளவுக்குச் சிக்கனத்தைப் பெறவில்லை.

1984இல் ஓசூரிலிருந்து இன்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, எஸ்கார்ட்ஸ் நிறுவனமே விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100 என 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. பெட்ரோலை அளந்து ஊற்றும் வாங்குவோருக்கு அவை பொருந்தின. ஒரு கார்பரேட்டர், ஒரு பிளக் வண்டிகளிலேயே கைபழகிய மெக்கானிக்குகளுக்கு, எல்லாம் இரண்டிரண்டாக இருந்த ஆர்டி பிடிபடவில்லை. தவறாகக் கைவைக்கப்பட்ட வண்டிகள் பிஸ்டன் பிடித்து நின்றன. பழி வண்டியின்மேல் விழுந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் மட்டும் ஆர்டி தன் திறனைக் காட்டியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் திறக்கப்பட்டபோது தயாரிப்பு நின்றுவிட்டிருந்தது.

கருவிகள்

மெட்ரிக் ரிங் ஸ்பானர், பாக்ஸ் ஸ்பானர், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், டார்க் ரென்ச், பிளக் துளையில் பொருத்தும் டயல் கேஜ் ஆகியவை அடிப்படைத் தேவை. இன்ஜின் மூடிகளில் உள்ள திருகுகளின் தலைவெட்டு ஜப்பானியத் தர அளவைச் சேர்ந்தது. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவரே ஏற்றது. ஃப்ளைவீலைத் தட்டிக் கழற்றக் கூடாது. அதற்குரிய புல்லர் வேண்டும்.

இக்னிஷன்

இரு சிலிண்டர்களுக்கும் தனித்தனியே பாயிண்ட் (திறக்கும்போது பொறியை எழுப்பும் தொடுமுனை), கண்டென்சர், காயில் உண்டு. பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. பிளக்கைக் கழற்றி, டயல் கேஜைப் பொருத்தி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது முள்ளைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். பிறகு கிராங்கைப் பின்னோக்கித் திருப்பி, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. கீழே இருக்கும் இடத்தில் பாயிண்ட் திறக்கத் தொடங்குகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சரியாக இருப்பது மறுபக்கத்துக்கு உத்தரவாதமாகாது. பொறி முந்தினால் இன்ஜின் தட்டும், நாளடைவில் பிஸ்டன் தலையில் துளை விழும். பிந்தினால் இழுவை குறைந்து சூடு ஏறும். எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டிகளும் பொருத்தப்படுகின்றன. எனினும் வழியில் நின்றால் உப்புத்தாளும் ஃபீலர் கேஜுமே போதுமானவை என்பதால் பாயிண்டே சிறந்தது.

கார்பரேட்டரும் ரீட் வால்வும்

ஆக்சிலரேட்டர் கேபிள் ஒன்றாகத் தொடங்கி, இரு கார்பரேட்டருக்கும் ஆயில் பம்புக்குமாக மூன்றாகப் பிரிகிறது. கைப்பிடியைத் திருப்பும்போது, கார்பரேட்டர் வாயைத் திறந்து மூடும் இரு ஸ்லைடுகளும் ஒரே கணத்தில் எழ வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி, இரண்டின் அடியிலும் ஒரே தடிமனுள்ள டிரில் பிட்டை நுழைத்துப் பார்ப்பது எளிய வழி. ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும். துளை சிறிது பெரிதானாலும் கலவை மாறிவிடும்.

கார்பரேட்டரைத் தாங்கும் ரப்பர் வெடித்தால் அவ்வழியே காற்று புகுந்து கலவை மெலிகிறது. ரீட் தகடுகளின் ஓரம் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உடைந்த எஃகுத் துண்டு உள்ளே போனால் போர் கீறும். ஃபைபர் தகடு அந்த ஆபத்தைக் குறைக்கிறது. பிளக்கின் நிறம் கலவையைச் சொல்லும்: பழுப்பு சரி, வெள்ளை ஆபத்து, ஈரக் கறுப்பு ஆயில் மிகுதி.

ஆட்டோலூப்

பம்பின் குறைந்தபட்ச ஸ்ட்ரோக் 0.20 முதல் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். கேபிளைச் சரிசெய்து பம்பின் கப்பியில் உள்ள குறியை நேர்ப்படுத்த வேண்டும். தொட்டி வற்றினாலோ குழாயைக் கழற்றினாலோ உள்ளே காற்றுக் குமிழி தங்கும். பம்பின் காற்றுநீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழியற்ற ஆயில் வரும்வரை விட வேண்டும். பம்பை நம்பாமல் அதை அடைத்துவிட்டு, டூ-டி ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டுவோர் உண்டு. வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ப அளவை மாற்றுவது பம்ப் மட்டுமே. ஒழுங்காகப் பராமரித்தால் அதை அடைக்க வேண்டியதில்லை.

இன்ஜின் மேல்பகுதி

இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றலாம். பிஸ்டன் தலை, எக்ஸாஸ்ட் போர்ட், சைலென்சரின் உட்குழாய் ஆகியவற்றில் படிந்த கரியை மரத்தாலோ அலுமினியத்தாலோ சுரண்ட வேண்டும். சிலிண்டரைத் தூக்கியதும் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் மூடுவது கட்டாயம். பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் ஒன்று தவறி விழுந்தாலும் அதற்காக முழு இன்ஜினையும் பிரிக்க நேரும். கழற்றிய சர்க்ளிப்பை மீண்டும் போடக் கூடாது. பிஸ்டனின் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் நோக்க, ரிங் முனைகள் அவற்றுக்குரிய ஊசியில் அமர வேண்டும். தேய்ந்த போரை லேத்துப் பட்டறையில் ரீபோர் செய்யலாம். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர் படிகளில் உள்ளன. வாங்கிய பிஸ்டனை முதலில் அளந்து, அதற்கேற்பவே போர் அடிக்கச் சொல்ல வேண்டும்.

கிராங்கும் ஆயில் சீலும்

கிராங்க், துண்டுகளை அழுத்திச் சேர்த்த அமைப்பு. அதன் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் வயதானால் இறுகிக் கெடும். வலப்பக்கச் சீல் போனால் கியர் ஆயில் இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு வெண்புகை கிளம்பும். இடப்பக்கச் சீல் போனால் புகை ஏதுமின்றிக் காற்று புகும்; ஆக்சிலரேட்டரைத் திருப்பாமலே ஆர்பிஎம் ஏறுவது அதன் அறிகுறி. போர்ட்டுகளை அடைத்து, சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அளவில் காற்றழுத்தம் கொடுத்து, சில நிமிடம் நிற்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைக் கண்டறிவதே முறை. சீலை வீட்டில் மாற்றலாம். கனெக்டிங் ராட் மாற்றிக் கிராங்கை நேர்ப்படுத்துவது மட்டும் பிரஸ்ஸும் டயல் கேஜும் உள்ள பட்டறைக்குரிய வேலை.

பிரேக்

முன் டிரம்மின் இரு ஷூக்களும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். அவற்றை இணைக்கும் கம்பியின் நீளம் தவறினால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும். வண்டியின் வேகத்துக்கு இந்த டிரம் போதாது. பலர் டிஸ்க் பிரேக்குக்கு மாறியுள்ளனர்.

இன்றைய நிலை

உதிரிகள் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தைகளிலும் வெளிநாட்டு மாற்று உற்பத்தியாளர்களிடமும் கிடைக்கின்றன. 15 ஆண்டு கடந்த வண்டி என்பதால் பதிவை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் பாகங்களைப் பாதிக்கிறது.