ஏடும் இடமும்

நூலகம் நூல்களின் இருப்பிடமா, படிப்போரின் இருப்பிடமா? இரண்டும்தான் என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆனால் கட்டடம் ஒன்றே இருக்க, நூல்களும் பெருகி மாணவரும் பெருகும்போது, அவ்விடை போதுவதில்லை. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று அச்சு நூல்களைக் குறைத்து, அவை நின்ற இடத்தில் மாணவர் அமர்ந்து படிக்கவும் கூடி உரையாடவும் வசதி செய்கின்றனர். ஆய்விதழ்கள் கணினித் திரையிலேயே கிடைத்துவிடுவதால் பழைய தொகுதிகளுக்கு வேலையில்லை என்பது அவர்களது வாதம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011ஆம் ஆண்டு இவ்வாறு நூல்கள் அகற்றப்பட்டபோது, பேராசிரியர்கள் சிலர் கடுமையாக எதிர்த்துக் குரலெழுப்பினர். இக்கேள்வி நம்மையும் ஒருநாள் எட்டாமல் போகாது.

மாணவரின் தேவையைச் சிறிதென்று தள்ளிவிடுதல் தகாது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரிச் சிற்றூர்களில், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் பலர். ஓரறை வீட்டில், சமையலுக்கும் உறக்கத்திற்கும் நடுவே, அவர்கள் பாடம் படித்தாக வேண்டும். ஒரு மேசை, ஒரு விளக்கு, சற்று அமைதி - இவையே அவர்கள் வேண்டும் செல்வம். எவரும் தொடாத நூல்களைக் காப்பதற்காகப் படிக்கத் துடிக்கும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துவது அறமாகாது.

இதனை நன்குணர்ந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பது ஐந்தாம் விதி. உயிருள்ள மரம் தளிர்ப்பதோடு இலை உதிர்க்கவும் செய்கிறது. எனவே நூலகம் சிலவற்றைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே அரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் ஒருவர் உண்டு என்பதையும் ஒரு விதியாக வைத்தார். அவ்வாசகர் இன்னும் வந்து சேராதிருக்கலாம். ஆகவே எவ்வாறு கழிப்பது என்பதே நம்முன் உள்ள வினா. இதற்கு வரலாறு வெவ்வேறு விடைகளைக் காட்டுகிறது.

முதல் விடை நெருப்பும் நீரும். உ. வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்தவர். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் பயின்றவர். ஏடு வைத்திருந்தவரைத் தேடிச் சென்றால்தான் கல்வி என்றிருந்த காலம் அது. அவரே பிற்காலத்தில் சங்க நூல்களின் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஆவலோடு சென்றவருக்கு, அவை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியே கிடைத்தது. ஆடிப் பதினெட்டில் சுவடிகளை நீரோட்டத்தில் விட்டுவிட்ட கதையையும் அவர் கேட்க நேர்ந்தது. அப்படிச் செய்தவர்கள் ஏட்டை இகழ்ந்தவர்கள் அல்லர். பழுதுற்ற ஏட்டைக் குப்பையில் எறியலாகாது என்ற பக்தியே அவர்களை அவ்வாறு செய்வித்தது. ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பொறுமைதான் அப்பக்திக்கு இல்லாமற் போயிற்று.

இரண்டாம் விடை காத்திருத்தல். இறைவனின் திருப்பெயர் எழுதப்பட்ட ஏட்டை அழிக்கலாகாது என்பது யூதர் மரபு. ஆதலால் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் பயனற்ற தாள்களையெல்லாம் ஓர் அறையில் நூற்றாண்டுக்கணக்கில் குவித்து வைத்தனர். 1896இல் அங்கிருந்து வெளிவந்த ஒரு தாளைக் கேம்பிரிட்ஜில் சாலமன் செக்டர் என்ற அறிஞர் ஆராய்ந்தார். அது சீராக்கின் ஞான நூலினுடைய எபிரேய மூலத்தின் ஒரு பகுதி! நாம் கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாகவே பெற்றிருந்த அத்திருநூலின் மூலமொழிப் பகுதிகள், கழிவுத் தாள்களின் நடுவிலிருந்து மீண்டன.

மூன்றாம் விடை கைமாற்றுதல். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளுக்குப் பயிற்சியளித்த கல்லூரி இங்கிலாந்தின் ஹெய்லிபரியில் இருந்தது. அக்கல்லூரி நூலகத்தில் மிகையென்று கருதப்பட்ட நூற்றுக்கணக்கான நூல்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டு, அருங்காட்சியகத்தை வந்தடைந்தன. அவற்றைக் கொண்டு 1860களின் தொடக்கத்தில் அங்கு உருவான சிறு நூலகமே பின்னர் விரிந்து, 1896இல் கன்னிமாரா பொது நூலகமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஓரிடத்தின் மிகை மற்றோரிடத்தின் வித்தாயிற்று.

நம் காலத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார், பிறர் பொருட்படுத்தாத தமிழ் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுதும் திரட்டி வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின், அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதுவே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்து இன்று தமிழாய்வுக்குத் துணைநிற்கிறது. நாம் எடைக்குப் போடக்கூடிய தாள்களின் மதிப்பைக் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் அறிந்திருந்தது.

கணினியில் எல்லாம் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் இங்கே எடைபோட வேண்டும். ஆங்கில ஆய்விதழ்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் அது, சிறு அச்சகங்களில் வெளிவந்த தமிழ் நூலுக்கும், ஊர் வரலாற்றுக்கும், கோயில் விழா மலருக்கும் பொருந்துவதில்லை. எத்தனை பேர் எடுத்துச் சென்றனர் என்ற கணக்கும் முழு அளவுகோல் ஆகாது. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியோடு இணைந்து வாழும் வீரமாமுனிவரின் பெயரை நினைவிற் கொள்வோம். 1726இல் நிறைவுற்ற அவரது தேம்பாவணி முழுமையாக அச்சேறியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், புதுச்சேரியில்தான். இடைப்பட்ட நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் அது ஏட்டிலேயே உயிர்வாழ்ந்தது. பயன் என்ன என்று கணக்குப் பார்க்காமல் படியெடுத்துக் காத்தவர்களின் கைகளே அதனை நம்மிடம் சேர்த்தன.

எனவே நூலைக் கழிக்க முற்படும் எந்த நிறுவனமும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். இந்நூலின் வேறு படி எங்கேனும் உண்டா? இதன் அருமை அறிந்த ஆசிரியர் பட்டியலைப் பார்த்தாரா? இதனை ஏற்கக்கூடிய கிராமப் பள்ளியோ ஊர்ப்புற நூலகமோ கேட்டுப் பார்க்கப்பட்டதா? பத்துப் படிகள் கிடக்கும் காலாவதியான பாடநூலை அகற்றி, அங்கே ஒரு நாற்காலி இடுவோம்; அது நற்செயல். ஒரே படியாக எஞ்சிய நூலை எண்ணிப் பாராமல் அகற்றினாலோ, அந்த நாற்காலியில் நாளை வந்து அமரும் மாணவன் கேட்கும் நூலை நம்மால் எடுத்துக் கொடுக்க முடியாது.